மேஸ்திரியும் புரமோட்டரும்: சென்னையில் வீடு கட்டக் கொடுத்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் வீடு கட்டுவது என்றால் ஆள் வைத்துக் கட்டுவதுதான். நிலமும் பொருளும் வீட்டுக்காரருடையவை. வேலை மட்டும் மேஸ்திரியுடையது. செங்கல், சுண்ணாம்பு, மரம் எல்லாவற்றையும் வீட்டுக்காரரே பார்த்து வாங்கி இறக்குவார். மேஸ்திரி கொத்தனார்களையும் சித்தாள்களையும் கூட்டி வந்து, ஆள் கணக்கு வைத்து, கூலியை வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மிஞ்சியிருக்கும் திண்ணை வைத்த, பொதுச்சுவர் பகிர்ந்த வீடுகள் அப்படி எழுந்தவை. யாரை நம்பி வேலையைக் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தத் தெருவிலேயே பதில் இருந்தது. அதே மேஸ்திரி கட்டிய வீடு நான்கு வாசல் தள்ளி நிற்கும். மழைக்கு ஒழுகுகிறதா என்று அங்கே போய்க் கேட்டால் போதும்.

வேலையின் நிதானமும் வீட்டுக்காரருக்குச் சாதகமாக இருந்தது. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற அன்றைய தளத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சுவருக்குச் சுவர் தேக்கு விட்டங்களை அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைக்கு மூலை சாய்வாக, சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். அது இறுகிய பிறகு அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். கட்டை பட்டுத் திரும்பித் துள்ளும் அளவுக்குக் கெட்டிப்பட்டால்தான் மேலே தட்டையான ஓடுகளைப் பதிக்கும் வேலை தொடங்கும். இவ்வளவும் வெட்டவெளியில், வீட்டுக்காரர் கண்முன்னே நடக்கும். மேஸ்திரி இரண்டு நாள் தட்டலைக் குறைத்தால் தெருவே பார்த்துவிடும்.

பொருளைச் சோதிக்கும் முறைகளும் பொறியாளர் தேவைப்படாதவை. இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது. நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. மணலை ஈரக்கையில் தேய்த்து உதறினால் உள்ளங்கையில் சேறு ஒட்டக்கூடாது. சுவர் நேராக ஏறுகிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லிவிடும். வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இவை தெரிந்திருந்தன. அன்று நம்பகம் என்பது மேஸ்திரியின் நாணயத்தை மட்டும் பொறுத்ததாக இல்லை. பார்க்கத் தெரிந்த கண் பக்கத்திலேயே இருந்ததும் அதற்குக் காரணம். பிற்காலத்தில் முதலில் காணாமற்போனது இந்தக் கண்தான்.

பெரிய ஒப்பந்தக்காரர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் உழைத்தது அரசாங்கத்துக்கு. 1892-இல் முடிந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தோடு இணைத்துச் சொல்லப்படும் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார் அவர்களில் தலையாயவர். பொதுப்பணித் துறை இத்தகைய ஒப்பந்தக்காரர்களை நாணயத்தை நம்பி மட்டும் விட்டுவிடவில்லை. விலைவிகிதப் பட்டியல், வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், வேலை முடியும் வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைக்கும் வழக்கம் எல்லாம் அங்கே வேரூன்றின. சாதாரண வீட்டுக்காரரிடம் இவற்றில் எதுவும் கிடையாது. ஆனால் ‘பி.டபிள்யூ.டி. ரேட்’ என்ற சொல் மெல்ல வீட்டு வேலைப் பேச்சுக்குள் நுழைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஊர் பெருத்தது. 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் தியாகராய நகர் எழுந்தது. தெருவும் மனையும் முன்கூட்டியே கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட குடியிருப்பு அது. பழைய தெருக்களில் அண்டைவீட்டாரிடம் விசாரிக்க முடிந்ததுபோல் இங்கே முடியவில்லை, அண்டை மனையே காலியாகக் கிடந்ததால். 1941-இல் சுமார் 7.77 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1951-இல் 14 லட்சத்தைத் தாண்டியது. எல்லை விரிந்ததும் அதில் சேரும். அடையாற்றில் கூட்டுறவு வீடுகட்டும் சங்கத்தின் வழியாகக் காந்தி நகர் உருவானது. நகர மேம்பாட்டு டிரஸ்ட்டும், 1961-இல் பிறந்த வீட்டு வசதி வாரியமும் மனைகளும் வீடுகளுமாக வழங்கின. வாரிய வீட்டின் பூச்சைப் பற்றி முணுமுணுப்புகள் எப்போதும் உண்டு. இருந்தும் பத்திரம் சுத்தம் என்பதற்காகவே மக்கள் குலுக்கலுக்குப் பணம் கட்டினார்கள். வீட்டின் தரத்தையும் சொத்தின் தரத்தையும் தனித்தனியாக எடைபோடும் பழக்கம் சென்னைக்காரர்களிடம் அப்போதே தெரிகிறது.

மனை வாங்கித் தனியாகக் கட்டியவர்களிடம் மூன்று வழிகள் நிலைத்தன. ஒன்று பழைய நாள்கூலி முறை. இரண்டாவது லேபர் கான்ட்ராக்ட்: பொருள் வீட்டுக்காரருடையது, கூலி மட்டும் சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசுவது. ஒரு சதுரம் நூறு சதுர அடி. மனையைக் கிரவுண்டு கணக்கிலும் கட்டடத்தைச் சதுரக் கணக்கிலும் சொல்வதே சென்னை வழக்கம். மூன்றாவது பொருளோடு சேர்த்த முழு கான்ட்ராக்ட். பணம் ஒரே தவணையாகப் போகாது. கடைக்கால், பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை ஏற ஏறத்தான் போகும். இந்தத் தவணை ஒழுங்குதான் வீட்டுக்காரர் கையில் இருந்த ஒரே பிடி. முன்பணத்தை அதிகம் கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதே என்பது அன்றைக்குப் பொதுவான எச்சரிக்கை. பல குடும்பங்கள் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை பொறியாளர் ஒருவரை, பெரும்பாலும் உறவுக்காரரை, தினமும் காலையில் வந்து பார்க்கச் சொல்லி வைத்துக்கொண்டன. அளவுப் புத்தகத்தின் கறார் வீட்டு வேலைக்குள் வந்தது இவர்கள் மூலம்தான்.

இந்த ஏற்பாட்டை ஆட்டிவைத்தது சிமென்ட். சுண்ணாம்பு ஒதுங்கி, சிமென்டும் கம்பியும் கட்டுமானத்தின் உயிராக மாறிய அதே காலத்தில் அவை தாராளமாகக் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வந்த சிமென்ட் கட்டுப்பாடு, இடையில் சிறிது காலம் தளர்ந்தாலும், 1982 வரை நீடித்தது. அந்த ஆண்டு பாதி தளர்ந்து, 1989 மார்ச்சில் முழுதாக விலகியது. அதுவரை வீடு கட்டுபவர் வரைபடத்தோடு அலுவலகம் ஏறி இறங்கி பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட்டில் வரும் மூட்டைகள் போதாது; மீதிக்குக் கறுப்புச் சந்தை. மூட்டையைப் பிரித்துச் சாம்பலையோ மண்ணையோ கலந்து விற்றதும் நடந்தது. மூட்டைக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா, விரலிடையில் கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்க்கும் பழக்கம் அந்தப் பஞ்ச காலத்தில் வீடுதோறும் தெரிந்திருந்தது.

பஞ்சம் தொழிலின் முகத்தையே மாற்றியது. நன்றாகச் சுவர் எழுப்பத் தெரிந்தவரைவிட, சிமென்ட் கொண்டுவரத் தெரிந்தவர் மேலானவர் ஆனார். தளம் போடும் நாளில் மூட்டைகள் வந்து இறங்குமா என்பதே கவலை; கலவை எந்த விகிதத்தில் போகிறது என்பது அடுத்த கவலை. கான்கிரீட் தளத்தை ஒரே நாளில் போட்டு முடித்தாக வேண்டும். கம்பியின் பருமன், அவற்றுக்கு இடையே உள்ள தூரம், ஊற்றிய தண்ணீரின் அளவு எல்லாம் அன்று மாலைக்குள் கலவைக்கு அடியில் மறைந்துவிடும். நாள்கணக்கில் தட்டிய சுண்ணாம்புத் தளத்தைப் போல இதைத் தெருவில் நின்று பார்த்து மதிப்பிட வழியில்லை. பிறகு செய்யக்கூடியது தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பது மட்டுமே.

1970-களின் பிற்பகுதியிலிருந்து அடுக்குமாடிகள் பெருகத் தொடங்கின. நகர்ப்புற வளர்ச்சிக்கென அமைந்த எம்.எம்.டி.ஏ., பின்னாளில் சி.எம்.டி.ஏ., 1975-இல் முதல் பெருந்திட்டத்தைக் கொண்டுவந்தது. மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு அதன் பிறகு ஒவ்வொரு பேரத்தின் அடிப்படை ஆனது. 1978-இல் வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம், பெரிய தோட்ட வீடுகளை அப்படியே வைத்திருப்பதைச் சிரமமாக்கியது. மனை விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாமற்போனது. வீட்டுக்கடனை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஹெச்.டி.எஃப்.சி. 1977-இல் தோன்றியது. இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் புரமோட்டர் என்ற புதிய ஆள் நின்றார்.

புரமோட்டர் மேஸ்திரியும் அல்ல, ஒப்பந்தக்காரரும் அல்ல. பழைய பங்களாவின் உரிமையாளரிடம் பவர் பத்திரம் வாங்கி, அவருக்கு இத்தனை வீடு, தமக்கு இத்தனை வீடு என்று பேசிக்கொண்டு, தம் பங்கை வரைபட நிலையிலேயே விற்பவர். கட்டுவதற்கு வேறு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே ஆட்கள். குடியிருக்கப்போகிறவருக்கும் செங்கல் வைப்பவருக்கும் நடுவில் மூன்று நான்கு பேர் வந்துவிட்டார்கள். வீடு எழும் முன்பே பணம் போகத் தொடங்கியது. தவணைகள் தளத்துக்குத் தளம் என்று எழுதப்பட்டிருந்தாலும், கட்டடம் பத்துப் பதினைந்து பேருக்குப் பொது என்பதால் தரம் போதாது என்று ஒருவர் மட்டும் தவணையை நிறுத்துவது நடைமுறையில் ஆகாத காரியம். ஒருவர் செலுத்திய பணம் அடுத்த இடத்துக்கு அட்வான்ஸாகப் போவதும் சகஜமாயிற்று.

இங்கேதான் சென்னையில் வேரூன்றிய ஓர் ஏற்பாடு வருகிறது. ஊரறிய அதன் பெயர் யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. வாங்குபவர் பெயரில் பதிவானது அந்த நிலப்பங்கு மட்டுமே. வீட்டுக்கு விற்பனைப் பத்திரம் இருக்கவில்லை. புரமோட்டரோடு தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம், நெடுங்காலம் பதிவு செய்யப்படாத சாதாரண முத்திரைத்தாளில். முத்திரைத்தீர்வை நிலப்பங்குக்கு மட்டும் விழுந்ததால் இது இரு தரப்புக்கும் இனித்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் வாங்குபவர் வீடு வாங்கியவர் அல்ல, தம் பங்கு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவர் ஆனார். விரிசல் விட்டாலும் அனுமதிக்கு மாறாகக் கட்டியிருந்தாலும், நான் உங்கள் ஒப்பந்தக்காரன்தானே என்று புரமோட்டர் ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. எல்லா வீடுகளின் பங்குகளையும் கூட்டினால் மொத்த மனையும் வர வேண்டும். கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு. கொஞ்சம் பங்கைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டு, பிறகு மொட்டைமாடியில் இன்னொரு தளம் எழுப்பியவர்கள் இருந்தார்கள். சில ஆயிரம் ரூபாய் தீர்வையை மிச்சப்படுத்தப் போய், யார் பொறுப்பு என்ற கேள்வியையே சிக்கலாக்கிக்கொண்ட ஏற்பாடு இது. 1994-இல் வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டம் இதைச் சீர்செய்திருக்கலாம். அது பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தது.

அனுமதியும் இதேபோல் இரட்டை வேடம் போட்டது. அலுவலகத்தில் தரும் வரைபடம் ஒன்று, மனையில் கட்டுவது வேறொன்று. பக்கவாட்டு இடைவெளி குறையும்; கார் நிறுத்தக் காட்டிய தரைத்தளத்தில் கடைகள் வரும்; மாடி ஒன்று கூடும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் கொடுத்திருந்தது. அப்படித் தரப்பட்ட 62 விலக்கு ஆணைகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2000-இல் கடும் கண்டனத்தில் முடிந்தது. அதற்கு முன்பே, அபராதம் கட்டினால் விதிமீறலை ஒழுங்குபடுத்தலாம் என்று சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்ந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்கு ஒரே ஒரு முறை என்று சொல்லப்பட்ட சலுகை அது. பின்னர் இன்னொரு பிரிவு வந்து, எல்லைத் தேதி 2007 ஜூலை 1-க்கு நகர்ந்தது. சட்டப்படி கட்டிய பில்டருக்கு விற்க ஒரு தளம் குறைவு. மீறிக் கட்டியவருக்கு அபராதம் போக லாபம். அபராதத்தைக் கட்டும் பொறுப்போ பல இடங்களில் வீடு வாங்கியவர் தலையில் விழுந்தது. இத்தகைய சந்தையில் நேர்மையானவரைத் தேடு என்று வாங்குபவருக்கு அறிவுரை சொல்வது சுலபம். நேர்மையானவர் தொழிலில் தாக்குப்பிடிப்பதுதான் கடினம்.

முதல் மாற்றம் நுகர்வோர் சட்டம் வழியாக வந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவையே என்று 1993-இல் திருத்தம் வந்தது. லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. பங்களாவைக் கூட்டுப் பேரத்தில் கொடுத்த நில உரிமையாளரும் நுகர்வோரே என்று 2008-இல் இன்னொரு தீர்ப்பு சொன்னது. இதற்கு முன் சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க அஞ்சியவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. ஆனால் அது வீடு வந்த பிறகோ, வராமற்போன பிறகோ தட்டும் வாசல்.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கிரேன்கள் எழுந்தன. வட்டி இறங்கியது. வீட்டுக்கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு 1990-களின் இறுதியில் 30,000 ரூபாயாக இருந்து, சில ஆண்டுகளிலேயே 1.5 லட்சமாக உயர்ந்தது. தெருவில் விசாரிப்பதற்குப் பதிலாக வங்கியைப் பார்ப்பது வழக்கமாயிற்று. எந்த வங்கி கடன் தருகிறது என்பதே பில்டரின் நாணயத்துக்கு அத்தாட்சி. உண்மையில் வங்கி வக்கீல் பார்த்தது பத்திரத்தின் தொடர்ச்சியை; வங்கி மதிப்பீட்டாளர் பார்த்தது விலையை. கம்பியை எவரும் எண்ணவில்லை. ஆற்றுமணல் குவாரிகளை 2003-இல் பொதுப்பணித் துறையே எடுத்துக்கொண்ட பின்னும் மணல் தட்டுப்பாடு ஓயவில்லை. பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் மெல்ல அந்த இடத்துக்கு வந்தது. ஆட்கள் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். மேஸ்திரியின் பெயரைக்கூட வாங்குபவர் அறியவில்லை. அவர் பார்த்தது விளம்பரப் பலகையையும் மாதிரி வீட்டையும்.

2014 ஜூன் 28 மாலை, மழையின் நடுவே, மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்தது. இறந்தவர்கள் 61 பேர்; பெரும்பாலும் அங்கே வேலை செய்து அங்கேயே தங்கியிருந்த தொழிலாளர்கள். மீட்புப் பணி ஏறத்தாழ ஒரு வாரம் நடந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் காலியாகவே இருந்து 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு அனுமதி இருந்தது. அதுதான் ஊரை உலுக்கியது. அனுமதி உண்டா, வங்கிக் கடன் உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, மண் பரிசோதனை, அடித்தளக் கணக்கு, அதைச் சரிபார்த்த பொறியாளர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. 2015 டிசம்பர் வெள்ளம் இன்னொரு கேள்வியைச் சேர்த்தது: மனை ஏரியின் உள்வாயிலா?

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும், இந்தியா முழுவதற்குமான ரெரா சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழக விதிகள் அந்த ஜூனில் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடமோ ஆனால் பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு திட்டத்தின் பணம் இன்னொரு மனைக்கு அட்வான்ஸாகப் போன பழைய வழக்கத்துக்குப் போட்ட பூட்டு இது. ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் பில்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். படிக்கட்டையும் லிஃப்டையும் சேர்த்து ஊதிய ‘சூப்பர் பில்ட்-அப்’ கணக்குக்குப் பதிலாக, சுவருக்குள் கால் வைக்கக்கூடிய கார்பெட் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பொதுப்பணித் துறை ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்த வைத்திருந்த கருவிகளின் சாயல், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, தனிநபருக்கும் கிடைத்தது என்று சொல்லலாம். யூ.டி.எஸ். ஏற்பாடும் கரையத் தொடங்கியது: 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீடுகளை நிலப்பங்கும் கட்டடமும் சேர்ந்த ஒரே மதிப்பில் பதியும் முறை வந்தது.

1970-களிலும் 80-களிலும் எழுந்த முதல் தலைமுறை அடுக்குமாடிகள் இப்போது இடிபடுகின்றன. அவற்றின் உரிமையாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து மறுபடியும் ஒரு பில்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பு ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றது. 2022-ஆம் ஆண்டின் புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும். இவர்கள் கேட்கும் கேள்விகள் பெற்றோர் தலைமுறை கேட்டவை அல்ல: இடைக்கால வாடகைக்கு வங்கி உத்தரவாதம் உண்டா, வேலை நடுவில் நின்றால் பவர் பத்திரம் என்ன ஆகும், இதற்கு முன் எத்தனை திட்டங்களை ரெரா தேதிக்குள் முடித்தார்.

சிறு மனையில் தனி வீடு கட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை இல்லை. எட்டு வீட்டு வரம்புக்குள் அடங்குவதால் ரெரா பதிவும் இல்லை, தனிக் கணக்கும் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, உரிமையாளரே ஆன்லைனில் சான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம். சான்றில் பிழை இருந்தால் பொறுப்பும் அவருடையதே. அலைச்சல் குறைந்தது, கட்டுபவரைக் கண்காணிக்கும் வேலை முழுவதும் அவரிடம் திரும்பி வந்தது. புறநகர்களில் இன்றும் லேபர் கான்ட்ராக்ட்டே பரவலாக நடக்கிறது. மேஸ்திரியின் கைப்பேசியில் முடித்த வீடுகளின் படங்கள் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு முகவரியையும் கேட்டு, மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள்.